ஃபாரம் மூணு இருக்கா, தம்பி?

கொல்லிமலைக்கு பஸ் ஏறினால் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. இருபதாவது வளைவிலேயே நம் போன்ற ஃபேன் காற்று ஆசாமிகளுக்குக் குமட்டும். மேலே அந்த ஊர்ப் பையன்கள் மூச்சு வாங்காமல் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

செம்மேட்டு டீக்கடையில் ஒரு பிளஸ் டூ பையன், 1500 மீட்டர்காரன், ஃபைலை நீட்டினான். "அண்ணே, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட் கிடைக்குமா?"

பி.காம். படித்த பாவத்துக்கு வரவு பார்த்தேன். பதினோரு சர்டிபிகேட். ஜவுளிக்கடை மாரத்தான், கோயில் திருவிழா, ரசிகர் மன்றம் என ஒன்பது. லேமினேஷன் செலவுதான் மிச்சம். தேறியது ரெண்டே ரெண்டு: பள்ளிக்கல்வித் துறை நடத்தும் குடியரசு தினப் போட்டியில் குறுவட்டத்திலும் மாவட்டத்திலும் ஜெயித்தது.

"கிடைக்கலாம். அரசு கலைக் கல்லூரியில பொதுக் கவுன்சலிங்குக்கு முன்னாடியே விளையாட்டு வீரர்களுக்குத் தனியா கூப்பிடுவாங்க. தேதியை விட்டுடாதே" என்றேன்.

பையன் முகம் மலர்ந்தது. ஆனால் விஷயம் சீட்டோடு முடிவதில்லை. மத்திய அரசு வேலைக்கான ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கேட்பது கோப்பை அல்ல, ஃபாரம். இந்தியாவுக்காக ஆடினால் ஃபாரம் 1. மாநிலத்துக்காக ஆடினால் 2. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக இறங்கினால் 3. தேசியப் பள்ளிப் போட்டியில் மாநில அணிக்கு ஆடினால் 4. நம்ம பையன் மாதிரி மாநில அணி வாசலை மிதிக்காதவனுக்குப் பக்கத்தில் இருக்கும் கதவு, மூணாம் நம்பர். அதற்கு 25 வயசுக்கு மேல் அனுமதியும் இல்லை.

ஆகவே ஃபீஸ் தள்ளுபடியை மட்டும் பார்த்துக் காலேஜில் சேரக்கூடாது. ராசிபுரமோ நாமக்கல்லோ, பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரி என்றால், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு வருஷா வருஷம் ஆள் அனுப்புகிறார்களா என்று ஃபிசிகல் டைரக்டரிடம் கேட்கணும். அங்கே ஜெயித்தால்தான் பல்கலைக்கழக அணி. அமெரிக்காவில் கோச்சே வீடு தேடி வந்து ஆள் பிடிப்பாராம். இங்கே நாம்தான் பி.டி. மாஸ்டர் பின்னாடி அலையணும்.

"படிப்பு அண்ணே?"

"சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன், 2016 ரியோ பாராலிம்பிக்கில 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கறதுக்கு முன்னாடியே பி.பி.ஏ. முடிச்சவர். நீயும் முடி."

தனியார் கல்லூரி 'எல்லாம் இலவசம்' என்றால் எழுதி வாங்கச் சொன்னேன். எத்தனை வருஷத்துக்கு? ஹாஸ்டலும் சேர்த்தா? போட்டிக்குப் போன நாளுக்கு அட்டெண்டன்ஸ் உண்டா? முக்கியமாக, ரெண்டாம் வருஷம் முழங்கால் போய் ஓட முடியாமல் போனால், மூணாம் வருஷ ஃபீஸை யார் கட்டுவது?