தருபொருள் இருக்க ‘வாதம்’ எதற்கு?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் மாழையைச் சுழற்றிச் சீவும் பொறிக்கு எந்தக் கலைச்சொற் குழுவும் பெயர் தேடித் தரவில்லை. உழைக்கும் தமிழனே ‘கடைசல்’ என்றான், வேலையும் நடந்தது. இன்று அதே பேட்டையில் மென்பொருள் நிறுவனங்கள் எழுந்துள்ளன. அங்குக் கற்றோர் வாயில் புகுந்ததோ ‘ஆர்க்கியுமென்ட்’! அதனைத் தமிழாக்க வந்தோருள்ளும் சிலர், அகரமுதலியில் முதலில் கண்ட பொருளைப் பற்றிக்கொண்டு ‘வாதம்’ என்று எழுதி வைத்தனர்.

கட்டளையோடு கணிப்பொறிக்குத் தரப்படும் கோப்புப் பெயரும் எண்ணும் யாரோடு வாதிடுகின்றன? அச்சொல்லைக் கேட்டதும் மாணவன் நினைப்பது பட்டிமன்றத்தை. அவன் பாட்டி நினைப்பது முடக்குநோயை! கணக்கியலில் அவ்வாங்கிலச் சொல்லுக்கு, ஒன்றைக் கண்டறியத் தரப்படும் அளவு என்பதே பொருள். ‘தருபொருள்’ என்பதில் என்ன குறை கண்டனர்?

ஆங்கிலத்தாரும் இங்கு இடறியவரே. பைத்தான் மொழியில் தருபொருள்களைப் பகுத்தறியும் கூறு ‘ஆர்க்பார்சு’. அதன் உதவிக் குறிப்பு நெடுங்காலம் ‘கட்டாயமல்லாத தருபொருள்கள்’ என்று தலைப்பிட்டு வந்தது. தந்தே தீரவேண்டியவையும் அத்தலைப்பின்கீழ் நின்றன! 2021-இல் வெளிவந்த 3.10-ஆம் பதிப்பில், பிறழ உணர்த்துவதென்று அது நீக்கப்பட்டு ‘ஆப்சன்சு’ என்னும் சொல் இடப்பட்டது. அதற்கும் விருப்பத்தேர்வு என்றே பொருள். பாதி நோய்தான் தீர்ந்தது.

தமிழிலக்கணம் கற்றவன் இப்பள்ளத்தில் வீழான். ‘அரசன் புலவனுக்குப் பொன்னைக் கொடுத்தான்’ என்னும் தொடரில் சொற்களை எவ்வாறு மாற்றினும் பொருள் மாறாது, உருபு காட்டிக்கொடுக்கும். கட்டளையிலும் அடையாளக் குறியோடு வருவன இத்தகையன. எங்கு நின்றாலும் இன்னதென்று தெரியும். படியெடுக்கும் கட்டளையிலோ முன் நிற்பது பழங்கோப்பு, பின் நிற்பது புதுக்கோப்பு. மாற்றி வைத்தால் உள்ளதும் அழியலாம். ஆகவே ‘உருபுத் தருபொருள்’, ‘இடத் தருபொருள்’ என்க. கட்டாயமா அன்றா என்பது வேறு வினா. அதனைப் பெயரில் திணித்ததே பிழை.

2019 முதல் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறி அறிவியலில் பைத்தான் கற்பிக்கப்படுகிறது. ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் தமிழ்வழியில் அதனைப் பயிலும் பிள்ளை, பகுசொல்லைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரித்துப் பழகியவன். ‘பார்சிங்’ என்று மிரட்டப்படுவது அவனுக்குப் ‘பகுத்தல்’தான். அவன் கையில் ‘வாதப் பாகுபாடு’ என்னும் குப்பையைத் திணிப்போர், அடுத்த பதிப்பு அச்சேறுமுன் தம் விளக்கக் குறிப்பைத் திறந்து அச்சொல்லை அடிக்கட்டும்!