ஐம்பது வயதின் விரல்கள்

விருதுநகர் மாவட்டத்து எம்.ரெட்டியபட்டியிலோ அதைச் சூழ்ந்த கரிசற் சிற்றூர்களிலோ ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், வெளியூர் வேலைக்குப் போன மகன் மூலையில் சாத்திவிட்டுப் போன கிட்டாரை ஒருநாள் மாலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாரானால், அவர் ஒரு தந்தியைச் சரியாக மீட்டுவதற்கு முன்னமே, "இந்த வயசுல எதுக்கு மாமா இதெல்லாம்?" என்ற கேள்வியும், ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர் காதில் விழுந்துவிடும். சொல்லுகிறவர் பகைவர் அல்லர். அவர் மீது அன்புள்ள மைத்துனராகவோ, பிறர் நகைப்பாரே என்று அஞ்சும் மனைவியாகவோதான் இருப்பார். அன்புள்ளவர் வாயிலிருந்து வருவதனாலேயே அந்த வார்த்தைக்கு அவர் பணிந்துவிடுகிறார். கிட்டாரும் மூலைக்குத் திரும்பிவிடுகிறது. சங்கீதம் பால்யத்திலேயே தொடங்கவேண்டிய வித்தை, பிராயம் கடந்தவனுக்கு அது வாராது என்னும் இந்த அபிப்பிராயம் பொய்யானது என்றும், பொய்யாயிருப்பதோடு இந்த வறண்ட பூமியின் மக்களுக்கு இழைக்கப்படும் அநீதியாகவும் இருக்கிறது என்றும் நான் கருதுகிறேன். இவ்விரண்டில் பின்னதே என்னை எழுதத் தூண்டியது. ஆயினும் முன்னதை நிலைநாட்டாமல் பின்னதற்குப் போவதற்கில்லை.

எதிர்க்கட்சியின் பக்கம் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். ஒரு நாதத்தைக் கேட்டமாத்திரத்தில், வேறு சுருதியின் துணையின்றி, இது இன்ன ஸ்வரம் என்று சொல்லும் ஆற்றல் பெரும்பாலும் சிறுவயதில் பயிற்சி தொடங்கியவர்களுக்கே வாய்க்கிறது. 1995ஆம் ஆண்டில் தாமஸ் எல்பர்ட் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் ஆறு வயலின் கலைஞர்கள், இரண்டு செல்லோ கலைஞர்கள், ஒரு கிட்டார் கலைஞர் ஆகிய ஒன்பது பேரின் மூளையைப் பரிசோதித்து, இடக்கை விரல்களின் ஸ்பரிசத்தை உணரும் பகுதி அவர்களிடத்தில் மற்றவர்களைவிட விரிந்திருப்பதையும், எவ்வளவு இளமையில் தொடங்கினார்களோ அவ்வளவுக்கு அந்த விரிவு மிகுந்திருப்பதையும் கண்டார்கள். இதை மறுப்பார் இல்லை. ஆனால் அந்த ஒன்பதின்மருள் பிந்தித் தொடங்கியவர்களும் வாத்தியக் கலைஞர்களாகவே அந்தச் சோதனைச்சாலைக்குள் நுழைந்தார்கள் என்பதை, இவ்வாராய்ச்சியை எடுத்துக்காட்டிப் பேசுகிறவர்கள் கவனிப்பதில்லை. முன்னே தொடங்கியவனுக்கு அனுகூலம் அதிகம் என்பது ஒரு விஷயம். பின்னே தொடங்கியவனுக்கு வழியே இல்லை என்பது முற்றிலும் வேறொரு விஷயம்.

இந்த வித்தியாசத்தை நன்றாக விளக்கிய ஜீவன் நம்மூர்க் கண்மாய்க்கரை மரங்களில் அடைகிற கூகைதான். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் நூட்சன் என்ற விஞ்ஞானி கூகைகளின் கண்ணுக்கு முன் பட்டகக் கண்ணாடியைப் பொருத்தி, அவை காணும் உலகத்தை ஒரு பக்கமாக விலகச் செய்தார். குஞ்சுகள் சில வாரங்களில் தங்கள் செவியின் கணக்கைப் பார்வையின் கணக்கோடு திருத்திக்கொண்டன, முதிர்ந்த கூகைகளால் ஏறக்குறைய ஒன்றும் செய்ய முடியவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் நம் பழமொழிக்கு அது ஒரு சாட்சியாகப் போயிருக்கும். ஆனால் அவரும் அவருடைய சகாவான லிங்கன்ஹோக்கரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், அதே விலகலை ஒரேயடியாகத் தராமல் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போனபோது, முதிர்ந்த பறவைகளும் முன்னைவிடப் பன்மடங்கு திருத்திக்கொண்டதைக் காட்டினார்கள். முதிர்ந்தவர்களுக்குக் கற்கும் சக்தி அற்றுப்போகவில்லை, கற்பிக்கும் முறைதான் அவர்களுக்கு ஏற்றதாக இருக்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்வதில் தவறென்ன?

பறவையை விட்டு மனிதர்களைப் பார்ப்போம். அதற்கும் தொலைதூரம் போகவேண்டியதில்லை. பந்தல்குடி வழியாகத் தெற்கே செல்லும் சாலையில் எட்டயபுரம் இருக்கிறது. அந்த சமஸ்தான வித்துவானாகிய சுப்பராம தீட்சிதர், 1839இல் பிறந்தவர், வாய்வழியாகவே வந்த தம் பரம்பரையின் சங்கீதத்தைக் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் வகுத்து எழுத்தில் வடிக்கும் பணியைச் சின்னசாமி முதலியாரின் தூண்டுதலால் மேற்கொண்டு, ஏறத்தாழ 1,700 பக்கங்கள் கொண்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை 1904இல் அச்சேற்றியபோது அவருக்குப் பிராயம் அறுபத்தைந்து. சங்கீதம் அவருக்குப் பிறவிச் சொத்து என்பது மெய். ஆனால் அதை அவ்வளவு நுட்பமாக ஏட்டில் ஏற்றும் வித்தை முதுமையில் பழகியது. எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் தொண்டாற்றிய வீரமாமுனிவரோ, 1680இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதளவில் தமிழ்நாட்டில் கால்வைத்து, அதன்பிறகே தமிழின் முதலெழுத்தைப் பயின்று, 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார்.

கிட்டாருக்கே வருவோம். பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டுச் சங்கீதத்தை முறையாகப் பயிலத் தொடங்கியது இருபத்தைந்து வயதை ஒட்டி. லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் கிளாசிக்கல் கிட்டாருக்குத் தங்கப்பதக்கம் பெற்றது அதற்குப் பிறகு. சிறுவயதிலேயே ஆர்மோனியத்தோடும் அண்ணன் பாவலர் வரதராசனின் பாட்டுக் குழுவோடும் ஊரூராய்த் திரிந்தவர் என்பதால், ஒன்றும் அறியாமல் தொடங்கியவராக அவரை நான் காட்டவில்லை. சினிமாவில் நாடறிந்த இசையமைப்பாளராகிவிட்ட பிறகும் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் மாணவராக அமர்ந்து கர்நாடக சங்கீதம் கற்றாரே, அதைத்தான் சொல்ல வருகிறேன். கற்றுக்கொள்ளும் பருவம் முடிந்துவிட்டதென்று அவர் என்றும் எண்ணவில்லை.

இவர்களெல்லாம் மேதைகள், நாம் சாமானியர் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் நியூயார்க்கில் உளவியல் பேராசிரியராயிருந்த காரி மார்க்கஸைப் பாருங்கள். தமக்குத் தாளஞானமே கிடையாது என்று தாமே எழுதியவர், நாற்பதை நெருங்கும் வயதில் கிட்டாரைக் கையிலெடுத்து, சிறுவர்களுக்கான கோடை இசைமுகாமில் சேர்ந்து அந்தப் பிள்ளைகளோடு ஒரே குழுவில் வாசித்து, அந்த அனுபவத்தை 2012இல் நூலாக வெளியிட்டார். அவர் வித்துவானாகவில்லை, வாசிக்கக் கற்றுக்கொண்டார். எம்.ரெட்டியபட்டிக்காரர் கேட்பதும் அவ்வளவுதான். மார்கழியில் பஜனை பாடுகிறவரிடத்தில் நீர் கச்சேரி வித்துவானாகப் போகிறீரா என்று யாரும் கேட்பதில்லை. கிட்டாரை எடுத்தவரிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

விரல் வளையாது என்பதையும் சற்று ஆராயவேண்டும். உலோகத் தந்தி பூட்டிய கிட்டாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையுடன் இழுபட்டு நிற்கின்றன. நைலான் தந்தியில் அது பாதியளவே. மலிவான கிட்டார்கள் பலவற்றில் தந்தி உயரமாகவே அமைந்திருக்கும். தகரக் கூரையின் கீழ் நம் சித்திரை வெயிலில் கிடந்து பசை இளகினால் தந்திகளைத் தாங்கும் குதிரை மேலெழுந்து, தந்தி இன்னும் உயரும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின்மேல் 2 அல்லது 3 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கவேண்டிய தந்தி அதைவிட மிக உயர்ந்து நின்றால், ஆட்காட்டி விரலால் ஆறு தந்திகளையும் ஒருங்கே அழுத்தவேண்டிய எஃப் கார்டைப் பதினைந்து வயதுப் பையனாலும் பிடிக்க முடியாது. பையன் தோற்றால் கிட்டார் சரியில்லை என்கிறோம். அப்பன் தோற்றால் வயது சரியில்லை என்கிறோம். நைலான் தந்தியும், பழுது பார்க்கப்பட்ட குதிரையும், இரண்டே விரலில் அடங்கும் ஈ மைனரில் தொடக்கமும், நாள்தோறும் சிறிது நேர அப்பியாசமும் கிடைத்துவிட்டால் பெரும்பாலானோரின் இடர்ப்பாடு நீங்கிவிடும். அருப்புக்கோட்டையில் முப்பது ஆண்டு கைத்தறியில் இருந்தவர், அறுந்த பாவு நூலைக் கண்ணால் பாராமலே விரல்நுனியால் தேடிப் பிணைக்கிறவர்; அந்த விரலைப் பார்த்து இது வளையாது என்று சொல்வதற்கு யாருக்குத் துணிவு வரும்?

இனி, என்னை எழுதத் தூண்டிய அநீதிக்கு வருகிறேன். ஐந்து வயதில் வளைந்திருக்கவேண்டும் என்கிறோமே, இன்று ஐம்பதைத் தொட்டு நிற்கிறவர்களின் ஐந்து வயதும் பத்து வயதும் இந்தச் சீமையில் எப்படிக் கழிந்தன? மழை பொய்த்தால் குதிரைவாலியும் கம்பும்கூட வீடு வந்து சேராத மண் இது. எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலைவிட ஆட்டுக் கிடையை அதிகம் அறிந்திருந்தார்கள். தறிவீட்டுப் பிள்ளைகள் தார் சுற்றினார்கள். சாத்தூர், சிவகாசிப் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீசின் பஸ் விடியுமுன் வந்து, தூக்கம் கலையாத குழந்தைகளை அள்ளிக்கொண்டு போயிற்று. குழந்தைத் தொழிலாளர் தடைச்சட்டம் வந்ததே 1986இல். சிவகாசிக் குழந்தைகளின் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996இல். வீணையும் வயலினும் கற்றுக்கொடுக்க ஒருவர் இல்லாத ஊரில், கற்கவேண்டிய விரல்களைக் கூலிக்குக் கொடுத்துவிட்டவர்களை நோக்கி, நீங்கள் அப்போதே தொடங்கியிருக்கவேண்டும் என்று உபதேசிப்பது, பறிகொடுத்தவன் மீதே குற்றம் சுமத்துவதாகும். வறுமை செய்த அநியாயத்தை இயற்கையின் விதி என்று பெயர்மாற்றிக் காட்டுவதால்தான் இந்தப் பழமொழியின் பிரயோகத்தை நான் வெறுக்கிறேன்.

பிராயம் கடந்தவனுக்குச் சங்கீதம் வாராது என்னும் இந்த அபிப்பிராயம் திண்ணைப் பேச்சோடு நிற்கவுமில்லை. சர்க்காரின் விதியாகவும் ஏறிவிட்டது. விருதுநகரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்று மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. இத்தகைய பள்ளிகளின் சேர்க்கை அறிவிப்பில் வயது 12 முதல் 25 வரை என்று கண்டிருக்கும். இளைஞருக்கு முதலிடம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இருபத்தாறு வயதானவன் மாலைநேரத்தில்கூட அந்தப் படிப்பில் அமரலாகாது என்பதற்கு என்ன காரணம்? கடல்கடந்த டிரினிட்டி கல்லூரி தன் இசைத் தேர்வுகளுக்கு வயது வரம்பு வைக்கவில்லை. எழுபது வயதுக்காரர் முதல் கிரேடு கிட்டார் தேர்வு எழுதலாம். நம் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி, அந்த வரியைச் செலுத்தும் நெசவாளியையும் சம்சாரியையும் வயதைக் காட்டித் திருப்பி அனுப்புகிறது. அந்த இருபத்தைந்து என்னும் எண்ணை நீக்கவேண்டும். உழைப்பவர்களுக்கென்று மாலை வகுப்பு ஒன்று தொடங்கவேண்டும். அதில் கிட்டாருக்கும் ஓர் ஆசிரியரை நியமிக்கவேண்டும். திருச்சுழி வட்டாரத்தின் பள்ளிக் கட்டிடங்கள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றனவாகையால், வாரத்தில் ஒருநாளேனும் அவ்வாசிரியர் எம்.ரெட்டியபட்டிக்கே வந்து பாடம் சொல்லும்படி ஏற்பாடு செய்யவேண்டும்.