ஐந்து டாலருக்குத் திரும்பி வந்த ஸ்டார்ட் மெனு

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வெளியானபோது, 1995 முதல் கோடிக்கணக்கானோரின் கை பழகியிருந்த ஸ்டார்ட் பொத்தான் திரையின் இடது மூலையில் இல்லை. திரை முழுக்க விரியும் வண்ணக் கட்டங்கள் அதன் வேலையை எடுத்துக்கொண்டிருந்தன. மைக்ரோசாஃப்ட் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடவில்லை. பயனர்களின் கணினிகளிலிருந்து திரட்டிய தரவுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசியது. மக்கள் தங்களுக்கு வேண்டிய நிரல்களை டாஸ்க்பாரிலேயே பொருத்திக்கொள்கிறார்கள், ஸ்டார்ட் மெனுவைத் திறப்பது குறைந்துவருகிறது என்பது அதன் வாதம். அந்த எண்ணிக்கையில் பிழை இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் அதே ஆண்டில் ஸ்டார்டாக் என்ற சிறு நிறுவனம் ‘ஸ்டார்ட்8’ என்ற மென்பொருளை 4.99 டாலருக்கு விற்கத் தொடங்கியது. காணாமல் போன மெனுவைப் பழைய இடத்தில் கொண்டுவந்து வைப்பதுதான் அதன் முக்கிய வேலை. ஐவோ பெல்ட்சேவ் என்ற நிரலாளர் 2009 முதல் தனியாளாக எழுதிவந்த ‘கிளாசிக் ஷெல்’ அதையே காசு வாங்காமல் செய்தது. ஓராண்டு கழித்து, விண்டோஸ் 8.1-இல் பொத்தானை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். அதை அழுத்தினால் வந்தது என்னவோ அதே முழுத்திரைக் கட்டங்கள்தான். மெனு முழுதாகத் திரும்பி வர 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தரவுகளைக் குவித்து வைத்திருந்த நிறுவனத்துக்கு எட்டாத ஒரு செய்தி ஐந்து டாலர் மென்பொருள் எழுதியவர்களுக்கு எட்டியிருக்கிறது. ஒரு பொருளை நாளைக்கு எத்தனை முறை தொடுகிறார்கள் என்று எண்ணிவிடலாம். அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அந்த எண் சொல்லாது. இல்லாமல் போனதைத் திரும்பப் பெற ஒருவர் சட்டைப்பையிலிருந்து காசை எடுக்கிறாரா என்று பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. தனி நிரலாளர்கள் குறைந்த விலைக்கு விற்கும் மாற்று டெஸ்க்டாப்புகளை ஏதோ கணினிப் பைத்தியங்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

விண்டோஸ் 8-க்கு முன்பும் இதே கதைதான். 1990-களின் தொடக்கத்தில் விண்டோஸ் 3.0, 3.1 ஆகியவற்றின் முகமாக இருந்தது ‘புரோகிராம் மேனேஜர்’. ஐகான்களைக் குழுக்களாகப் பிரித்து வைக்கலாம். ஆனால் குழுவுக்குள் இன்னொரு குழு வைக்க முடியாது. ஒரு குழுவில் அதிகம் போனால் 50 ஐகான், மொத்தம் 40 குழு, அவ்வளவுதான். கோப்புகளைப் பார்க்க வேண்டுமென்றால் ‘ஃபைல் மேனேஜர்’ என்ற வேறொரு நிரலைத் திறக்க வேண்டும். ஒரே வேலையை இரண்டு அறைகளில் செய்யச் சொன்ன இந்த ஏற்பாடு பலருக்குப் பிடிக்கவில்லை. நல்லவேளையாக விண்டோஸின் அடிப்படைக் கோப்புகளில் ஒன்றான ‘சிஸ்டம்.ஐஎன்ஐ’ வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து திருத்தலாம். அதில் ‘ஷெல்’ என்ற சொல்லுக்கு எதிரே புரோகிராம் மேனேஜரின் கோப்புப் பெயர் இருக்கும். அதை அழித்து வேறொரு நிரலின் பெயரை எழுதி, விண்டோஸை மறுபடி தொடங்கினால், கணினியின் முகமே மாறிவிடும். அந்த ஒரு வரிதான் வாசல். சைமன்டெக் 1991-இல் ‘நார்ட்டன் டெஸ்க்டாப்’ என்ற பெரிய தொகுப்போடு அந்த வாசலில் நுழைந்தது. அதே வாசலில் ஃப்ளாப்பியில் கைமாறிக்கொண்டிருந்த சிறு மென்பொருள்களும் நுழைந்தன. விண்டோஸ் 95 வந்த பிறகும் பழைய கணினியைத் தூக்கிப்போட வசதியில்லாதவர்களுக்காக, விண்டோஸ் 3.1-இன் மேல் 95-இன் முகத்தைப் பொருத்திக்கொடுத்த ‘கால்மிரா’ டெல்ஃபி மொழியில் எழுதப்பட்டு, மூலநிரலோடு இலவசமாகவே வெளிவந்தது.

இந்தச் சிறு மென்பொருள்களில் பல விற்பனையான முறைக்கு ஷேர்வேர் என்று பெயர். முதலில் பயன்படுத்து, பிடித்தால் பணம் அனுப்பு, பிடிக்காவிட்டாலும் நாலு பேருக்குப் பிரதி எடுத்துக் கொடு. இந்த முறைக்கு அந்தப் பெயர் நிலைபெறக் காரணமானவர்களில் முக்கியமானவர் பாப் வாலஸ். மைக்ரோசாஃப்டின் தொடக்ககால ஊழியர்களில் ஒருவரான அவர், 1983-இல் அங்கிருந்து வெளியேறி ‘பிசி-ரைட்’ என்ற எழுத்துச் செயலியைத் தன் சொந்த நிறுவனத்தின் மூலம் வெளியிட்டார். பதிவுக் கட்டணம் 75 டாலர். ஒவ்வொரு பதிவுப் பிரதிக்கும் ஓர் எண் உண்டு. உங்கள் பிரதியைப் பார்த்து இன்னொருவர் பணம் கட்டினால் 25 டாலர் உங்களுக்கு வந்துசேரும். விளம்பரம் இல்லை, கடை இல்லை, தரகர் இல்லை. பயன்படுத்துகிறவனே விற்பவனும் ஆகிறான். இந்த முறையில் பொய்க்கு இடம் குறைவு. பெட்டியில் அடைத்துக் கடையில் விற்கும் மென்பொருளை வாங்குபவர் அட்டைப்படத்தை நம்பிப் பணம் கொடுக்கிறார். ஷேர்வேருக்குப் பணம் கட்டுபவரோ ஒரு மாதம் அதோடு வாழ்ந்து பார்த்துவிட்டுக் கட்டுகிறார். அந்தக் காசைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்வதும் இதனால்தான்.

மாற்று முகப்புகள் பெரிய நிறுவனத்துக்கு எவ்வளவு சங்கடமாக இருந்தன என்பதை நீதிமன்ற ஆவணங்களிலேயே பார்க்கலாம். 1990-களின் நடுவில் பாக்கார்ட் பெல் போன்ற கணினித் தயாரிப்பாளர்கள், புதிதாகக் கணினி வாங்குகிறவர்கள் மிரளாமலிருக்கத் தங்கள் சொந்த முகப்பு ஒன்றை விண்டோஸின் மேல் வைத்து விற்றார்கள். மைக்ரோசாஃப்ட் தன் உரிம ஒப்பந்தங்களில் இதற்குக் கடிவாளம் போட்டது. ஐகான்களை நீக்கக் கூடாது, முதல்முறை கணினி திறக்கும் வரிசையை மாற்றக் கூடாது, வேறு முகப்பைத் தானாக எழும்படி வைக்கக் கூடாது. 1998 மே மாதம் அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக எதிர்ப்பு வழக்கில் இந்த நிபந்தனைகளும் விசாரணைக்கு வந்தன. 2001 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றில் பெரும்பாலானவை சட்டவிரோதம் என்றது. ஆனால் ஒன்றை மட்டும் மைக்ரோசாஃப்டுக்கு விட்டுக்கொடுத்தது. விண்டோஸ் டெஸ்க்டாப்பையே பயனர் கண்ணில் படாதபடி மறைத்துவிடும் மாற்று முகப்பைத் தானாக எழவைப்பது, பதிப்புரிமை பெற்ற ஒரு படைப்பைத் தலைகீழாக மாற்றுவதற்குச் சமம். அதைத் தயாரிப்பாளருக்குத் தடுக்கும் உரிமை மைக்ரோசாஃப்டுக்கு உண்டு என்றது. தீர்ப்பின் நியாயத்தைச் சட்டம் படித்தவர்கள் விவாதிக்கட்டும். நடைமுறையில் அதன் விளைவு தெளிவு. கணினி விற்கும் நிறுவனம் விண்டோஸின் முகத்தை முழுதாக மறைக்க முடியாது, வாங்கியவர் மாற்றிக்கொள்ளலாம். ஆக, டெஸ்க்டாப் என்ற களத்தில் மைக்ரோசாஃப்டோடு போட்டியிட மிஞ்சியது, வாங்கியவரிடம் நேரடியாகப் பேசக்கூடிய சிறு நிரலாளர் மட்டுமே. பல்லாயிரம் கோடி டாலர் புழங்கும் ஒரு தொழிலில் போட்டி என்பது ஓரிரு ஆட்களின் ஓய்வுநேர உழைப்பாகச் சுருங்கிப்போனது வேடிக்கைதான். ஆனால் அந்த உழைப்பும் இல்லையென்றால் போட்டியே இல்லை.

காசு கொடுப்பவர்கள் சிறுபான்மை. மிகப் பெரும்பாலானோர் கொடுத்த முகப்போடு ஒத்துப்போகிறார்கள். சத்தம் போடும் சிலருக்காக எல்லோருக்குமான வடிவமைப்பை மாற்ற முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் ஒத்துப்போவதும் திருப்தியும் ஒன்றல்ல. அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதியில்லாத எழுத்தர், மாற்று உண்டென்றே அறியாத கடைக்காரர், இருப்பதை மாற்றினால் ஏதாவது கெட்டுப்போகும் என்று அஞ்சும் முதியவர், எல்லோரும் ‘ஒத்துப்போனவர்கள்’ கணக்கில்தான் வருகிறார்கள். பணம் கட்டியவர் இவர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறார் என்று சொல்லவில்லை. அவர் எந்தத் திசையில் நடக்கிறார் என்று பார்த்தால் போதும். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இல் டாஸ்க்பாரைத் திரையின் பக்கவாட்டுக்கோ மேலேயோ நகர்த்தும் வசதியை எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 95 காலத்திலிருந்து இருந்த வசதி அது. அகலத் திரையில் நீள ஆவணங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு டாஸ்க்பார் இடப்பக்கம் இருந்தால் இரண்டு வரி கூடுதலாகத் தெரியும். அதைத் திரும்பத் தரும் ‘ஸ்டார்ட்ஆல்பேக்’ 4.99 டாலர், நூறு நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டுக் கட்டலாம். 2012-க்கும் 2021-க்கும் இடையில் அந்த ஐந்து டாலர் பாடம் எங்கோ தொலைந்துவிட்டது. மென்பொருள் உலகில் இப்படி ஒரே பரீட்சையை இரண்டுமுறை எழுதுவது புதிதல்ல.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கணினியின் முகத்தையே மாற்றும் நிரலுக்கு அதன் அடிவயிறு வரை போகும் அனுமதி வேண்டும். பழைய ‘ஷெல்’ வரி இன்றும், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் வேறு வடிவில் உயிரோடு இருக்கிறது. தீம்பொருள் எழுதுகிறவர்களும் அதே வரியில்தான் தங்கள் நிரலை ஒளித்துவைக்கிறார்கள். 2016 ஆகஸ்டில் ‘ஃபாஸ்ஹப்’ என்ற பதிவிறக்கத் தளத்துக்குள் ஊடுருவியவர்கள் கிளாசிக் ஷெல்லின் நிறுவல் கோப்பை மாற்றிவைத்தார்கள். அதை நம்பி ஓட்டியவர்களின் கணினி, அடுத்தமுறை தொடங்கும்போது வன்தட்டின் தொடக்கப் பகுதி அழிக்கப்பட்டு நின்றுவிட்டது. நிரலாளரின் குற்றம் அதில் ஏதுமில்லை. பாதிப்பு என்னவோ அவரை நம்பியவர்களுக்கு. இதை மறைத்துவிட்டுத் தனி நிரலாளருக்காக வாதாட முடியாது. ஆனால் இந்த ஆபத்திலிருந்து கிடைப்பது, வாசலை மூடு என்ற முடிவல்ல. எழுதியவரின் சொந்தத் தளத்திலிருந்து, மின்கையொப்பம் சரிபார்த்து, பணம் கட்டி வாங்கு என்ற முடிவுதான். நம் ஊரில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நானூறு ரூபாய்க்குச் சற்றே அதிகமான ஒரு மென்பொருளுக்கு ‘கிராக்’ தேடி, பெயர் தெரியாத தளத்திலிருந்து இறக்கி, ஆன்டிவைரஸை நிறுத்திவைத்துவிட்டு ஓட்டும் பழக்கம்தான் அது.

தனியாள் இன்றைக்கு இருப்பார், நாளைக்கு இல்லையென்றால் என்ன செய்வது என்பது இன்னொரு கவலை. பெல்ட்சேவ் 2017 டிசம்பரில் கிளாசிக் ஷெல் வேலையை நிறுத்தினார். நேரமில்லை, விண்டோஸ் 10 அடிக்கடி மாறுகிறது, ஒவ்வொரு மாற்றமும் எதையாவது உடைக்கிறது என்பதெல்லாம் அவர் சொன்ன காரணங்கள். போகும்போது மூலநிரலைப் பொதுவில் வைத்துவிட்டுப் போனார்; வேறு சிலர் அதை எடுத்து ‘ஓப்பன் ஷெல்’ என்ற பெயரில் தொடர்கிறார்கள். ஸ்டார்ட்8-ஐ ஐந்து டாலருக்கு விற்ற ஸ்டார்டாக்கோ, 10, 11 என்று ஒவ்வொரு விண்டோஸுக்கும் புதிய பதிப்பை வெளியிட்டுவருகிறது. ஒன்றிரண்டு எடுத்துக்காட்டுகளை வைத்து விதி வகுக்கக் கூடாதுதான். இருந்தாலும் அடிக்கடி அடித்தளம் மாறும் ஒரு பொருளின் மேல் கட்டியதைப் பராமரிப்பது சம்பளம் இல்லாமல் நெடுநாள் நடக்கும் வேலையல்ல. சிறிய கட்டணம் அந்தப் பராமரிப்புக்கான கூலி. தமிழில் கணினியைத் தொட்ட தலைமுறைக்குத் தனியாளின் உழைப்பை நம்பியிருப்பது புதிதல்ல. 2000-களில் பலர் தமிழ் தட்டச்சு செய்த இ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள், லாவோ மொழிக்காக மார்க் டர்டின் என்ற தனி நிரலாளர் 1990-களில் எழுதத் தொடங்கிய ‘கீமேன்’ என்ற விசைப்பலகை மென்பொருளின் மேல்தான் ஓடின.

லினக்ஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. அங்கே கேடிஇ, நோம் என்று முகப்பைத் தேர்ந்தெடுப்பது உரிமையாகவே கிடைக்கிறது, அதற்குத் தலைவணங்கலாம். ஆனால் டேலியில் கணக்கு எழுதும் கடை, விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளை நம்பிய அச்சகம், இவர்களிடம் போய் இயங்குதளத்தையே மாற்று என்பது, வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்க இடம் கேட்டவரை ஊரைக் காலி செய்யச் சொல்வதுபோல.

மைக்ரோசாஃப்டே இந்த வாசலின் தேவையை ஒப்புக்கொண்டிருக்கிறது. விண்டோஸின் என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் ‘ஷெல் லாஞ்சர்’ என்றொரு வசதி உண்டு. வழக்கமான முகப்புக்குப் பதில் நிறுவனம் விரும்பும் நிரலை முகமாக வைக்க முறைப்படி ஆவணப்படுத்தப்பட்ட வழி அது. கடைகளில் நிற்கும் கியோஸ்க் இயந்திரங்களுக்காக உருவானது. வீட்டுக்கு வாங்கும் ஹோம் பதிப்பிலோ, சிறு தொழில்கள் வாங்கும் புரோ பதிப்பிலோ அது கிடையாது. தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லாதபோது இதை விலைப்பட்டியலின் முடிவு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கிடையில் 2024-இல் விண்டோஸ் 11-இன் ஸ்டார்ட் மெனுவிலேயே செயலி விளம்பரங்கள் எட்டிப்பார்க்கத் தொடங்கின. அதே ஆண்டு சோதனைப் பதிப்புகள் சில, ஸ்டார்ட்ஆல்பேக் நிறுவியிருந்த கணினிகளில் மேம்படுத்தலையே நிறுத்திவைத்தன. பொருந்தாத நிரலை எச்சரிப்பது நிறுவனத்தின் கடமை. அதில் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் முறையான வழியைப் பணக்காரப் பதிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சுவரேறி வருகிறார்கள் என்று புகார் செய்வது பொருந்தாது. ஷெல் லாஞ்சரை எல்லாப் பதிப்புகளுக்கும் திறந்துவிட்டால், சிறு நிரலாளர்கள் விண்டோஸின் வழக்கமான முகப்பான எக்ஸ்புளோரரின் உள்ளே கைவிட்டு ஒட்டுப்போட வேண்டிய அவசியம் பெருமளவு குறையும்; பாதுகாப்பு பற்றிய பயத்திலும் பாதி போய்விடும்.

நம் பக்கத்தில் செய்ய வேண்டியது சிறிய வேலை. ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு விதிப்படி புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் திறக்கப்பட்டே வருகின்றன. வெளிநாட்டு விற்பனையாளருக்குப் பணம் கட்ட வேண்டுமென்றால் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் தனியாக அனுமதிக்க வேண்டும். தொகைக்கு உச்சவரம்பு வைத்துத் திறந்து, கட்டி முடித்ததும் மூடிவிடலாம். விருப்பப்பட்ட டாஸ்க்பாரை நூறு நாள் இலவசமாக அனுபவித்துவிட்டு, நூற்றொன்றாம் நாள் ‘கிராக்’ தேடிப் போகிறவர்களில் சிலருக்காவது இந்த ஐந்து நிமிட வேலைதான் தடையாக இருக்கிறது.