தலைமாட்டில் ஒரு 12:00!

செமஸ்டர் எக்ஸாம் அன்னிக்குக் காலையில கண் முழிக்கிறேன். தலைமாட்டுல இருக்குற கிளாக் ரேடியோவுல 4:10-னு சிவப்பு எழுத்து மினுக் மினுக்னு அணைஞ்சு அணைஞ்சு எரியுது. 'அடடா, இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கே'னு போர்வையை இழுத்துப் போர்த்தினேன். ஆனா ஜன்னல் வழியா வெயில் சுள்ளுனு மூஞ்சியில அடிக்குது. காலையில நாலு மணிக்கு ஏது பாஸ் வெயில்? எக்ஸாம் முடியுற வரைக்கும் தொடவே கூடாதுனு பீரோவுக்குள்ள வெச்சிருந்த செல்போனை எடுத்துப் பார்த்தா, மணி 8:50!

கம்பத்துலேர்ந்து தேனிப் பக்கம் இருக்குற காலேஜுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பத்து நாப்பது. அரை மணி நேரத்துக்கு மேல லேட்டுனா ஹாலுக்குள்ள விட மாட்டாங்க. விடலை. எழுத முடியாமப் போன பேப்பர் எது தெரியுமா? பவர் சிஸ்டம்! கரண்டைப் பத்தின பரீட்சையை, ராத்திரி போன கரண்டே கவுத்துவிட்டுருச்சு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இப்போ வரைக்கும் சிரிச்சுக்கிட்டு இருக்கானுங்க.

சாயங்காலம் அப்பாகிட்ட எரிஞ்சு விழுந்தேன். "இந்த ஓட்டை கடிகாரத்தை எடைக்குப் போட்ருவோம்ப்பா." அப்பா ஒண்ணும் பேசலை. செட்டைக் கவுத்து, அடியில இருக்குற சின்ன மூடியைக் கழட்டினார். உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி. ஓரமெல்லாம் பொங்கி, உப்புப் பூத்துப்போய் கிடந்துச்சு.

"இதை எப்படா கடைசியா மாத்துன?"

"......"

"ஈ படிக்கிற பையன்தானே நீ? ட்ரிபிள் ஈ?"

அதுக்கு மேல நான் வாயைத் திறக்கலை. அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து, இந்த டப்பா எப்படி வேலை செய்யுதுனு முதல் தடவையா ஒழுங்கா படிச்சேன். அதைத்தான் இந்த வாரம் உங்ககிட்ட சொல்லப்போறேன்.

முதல்ல ஒரு உண்மை. ப்ளக்ல மாட்டுற, சிவப்பு எழுத்து டைப் மலிவு கிளாக் ரேடியோ பெரும்பாலானதுக்கு நேரமே தெரியாது! கையில கட்டுற வாட்ச்சுக்குள்ள குவார்ட்ஸ் படிகம் துடிக்குது. இதுல அந்தச் செலவுகூட கிடையாது. நம்ம வீட்டு கரண்ட் ஒரு செகண்டுக்கு 50 தடவை இப்படியும் அப்படியும் ஆடுதுல்ல... 50 ஹெர்ட்ஸ்! அந்த ஆட்டத்தை உள்ளே இருக்குற சிப் ஒண்ணு, ரெண்டுனு எண்ணும். 50 எண்ணினா ஒரு செகண்ட். 3,000 எண்ணினா ஒரு நிமிஷம். ஒரு நாள் முடியணும்னா 43,20,000 எண்ணணும். பாவம், அதுக்கு வேற வேலையே இல்ல.

எங்க வீட்டுக்கு இந்த செட் வந்தப்பவே ஒரு கூத்து நடந்துச்சு. சவுதியில வேலை பார்த்த சித்தப்பா வாங்கிட்டு வந்தது. அங்கே 60 ஹெர்ட்ஸ் கரண்ட். இங்கே வந்து மாட்டினதும், ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் ஸ்லோ. ராத்திரி 10 மணிக்கு சரியா வெச்சுட்டுப் படுத்தா, காலையில 6 மணிக்கு 4:40 காட்டும். "கல்ஃப் சாமானே இப்படித்தான்"னு அம்மா திட்டிக்கிட்டே இருந்தாங்க. பின்னாடி 50/60-னு ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்குறதை ஒரு மாசம் கழிச்சுதான் அப்பா கண்டுபிடிச்சார்!

சரி, இந்த 50-ஐ யார் தர்றாங்க? கம்பத்துலேர்ந்து குமுளிக்குப் போற பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா, லோயர் கேம்ப் பக்கம் மலை மேலேர்ந்து இறங்குற ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீங்க. பென்னிகுயிக் கட்டி 1895-ல முடிச்ச பெரியாறு அணைத் தண்ணி, அந்தக் குழாய் வழியா இறங்கி டர்பைனைச் சுத்திவிட்டுட்டுத்தான் நம்ம வயலுக்கு வருது. ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் சுத்துற காத்தாடிகளும் அதே லைன்லதான் கரண்டைக் கொட்டுது. இதெல்லாம் தனித்தனியா ஓடலை. 2013 டிசம்பர் 31-ல தென் மாநிலங்களோட கிரிட்டும் மத்த இந்தியாவோட சேர்ந்த பிறகு, காஷ்மீர்ல இருக்குற ஜெனரேட்டரும் லோயர் கேம்ப் ஜெனரேட்டரும் ஒரே தாளத்துலதான் சுத்தியாகணும். என் தலைமாட்டு சிவப்பு எழுத்து எண்ணுறது அந்தத் தாளத்தைத்தான்.

தாளம் தப்புமா? தப்பும். கேரியர்ல ஃப்ரெண்டை ஏத்திக்கிட்டு மேட்டுல சைக்கிள் மிதிச்சிருக்கீங்களா? மிதி அதே மிதிதான், ஆனா வேகம் குறையும். அதே கதைதான் இங்கேயும். உற்பத்தியைவிட உபயோகம் எகிறினா ஜெனரேட்டர்கள் கொஞ்சம் மெதுவாகி, அதிர்வெண் இறங்கும். நம்ம நாட்டுல 49.90-லேர்ந்து 50.05 ஹெர்ட்ஸுக்குள்ள வெச்சிருக்கணும்னு விதி இருக்கு. ஒரு நாள் பூரா 49.90-லயே ஓடினா, என் கடிகாரம் கிட்டத்தட்ட மூணு நிமிஷம் பின்தங்கும். அதே 49-லயே ஓடினா 29 நிமிஷம்! 2000-களோட ஆரம்பத்துல தென்னிந்திய கிரிட் 49-க்குக் கீழே இறங்கி ஓடின நாளெல்லாம் உண்டு.

'நம்ம ஊர்லதான் இப்படி'னு அலுத்துக்காதீங்க. 2018 ஜனவரி நடுவுலேர்ந்து மார்ச் வரைக்கும் ஐரோப்பாவுல 25 நாடுகள்ல கிளாக் ரேடியோ, மைக்ரோவேவ் கடிகாரம் எல்லாம் ஸ்லோ ஆகி, கிட்டத்தட்ட ஆறு நிமிஷம் பின்தங்கிடுச்சு. காரணம், செர்பியா-கொசோவோ தகராறு. அந்தப் பகுதியில எடுத்த கரண்டுக்கு ஈடா உற்பத்தி வரலை. சராசரி அதிர்வெண் 50-லேர்ந்து 49.996-க்கு இறங்கிச்சு. அவ்வளவு துளியூண்டு வித்தியாசம்தான். ரெண்டு மாசத்துல சேர்ந்து சேர்ந்து ஆறு நிமிஷம்! எங்கேயோ நடந்த சண்டைக்கு, பாரிஸ்ல ஒருத்தர் ஆபீஸுக்கு லேட்.

இது சில நிமிஷ விவகாரம். கரண்டே போயிட்டா? அதுக்குத்தான் அந்த 9 வோல்ட் பேட்டரி. எழுத்து அணைஞ்சிருந்தாலும், சிப் தனக்குள்ளேயே குத்துமதிப்பா எண்ணிக்கிட்டு இருக்கும். சில நிமிஷம் முன்னே பின்னே ஆகலாம், ஆனா அலாரம் அடிச்சிடும். பேட்டரி செத்திருந்தா நேரம் மட்டுமில்ல, வெச்ச அலாரமும் சேர்ந்து அழிஞ்சிடும். கரண்ட் வந்ததும் 12:00-லேர்ந்து முதல்ல தொடங்கும். அந்த மினுக் மினுக் 'எனக்கு நேரம் தெரியலைப்பா'ங்கிற வாக்குமூலம். நான் பார்த்த 4:10-க்கு அர்த்தம், கரண்ட் வந்து நாலு மணி பத்து நிமிஷம் ஆச்சுங்கிறதுதான். அதாவது விடிகாலை 4:40-க்கு வந்திருக்கு. அந்த டப்பா உண்மையைத்தான் சொல்லிச்சு. எனக்குத்தான் படிக்கத் தெரியலை.

2012-ல நான் சின்னப் பையன். தமிழ்நாடே மணிக்கணக்குல கரண்ட் கட்டுல புழுங்கின வருஷம். அப்போ இந்த செட் ஒரு நாள்கூட 12:00 காட்டினதா ஞாபகம் இல்ல. ஏன்னா மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்ட் வர்ற நேரத்துக்கு அப்பா நடு ராத்திரியில எழுந்து தோட்டத்துக்குப் போகணும். தூங்கிட்டா, திராட்சைக்கு அன்னிக்குத் தண்ணி இல்ல. பேட்டரியை மறக்காம மாத்தினார். ஞாயித்துக்கிழமை ஆனா, கொடைக்கானல் எஃப்.எம்.மை 100.5-ல வெச்சு, அறிவிப்பாளர் நேரம் சொன்னதும் கடிகாரத்தைத் திருத்துவார். ஒரே டப்பாவுல ஒருத்தன் தப்புப் பண்ண, இன்னொருத்தன் திருத்துறான்! காலேஜ் சேர்ந்ததும் செட் என் ரூமுக்கு வந்துச்சு. அந்த ரெண்டு வேலையும் கூடவே எனக்கு வந்திருக்குங்கிறதுதான் எனக்குத் தெரியலை.

உங்க வீட்டு அலமாரியிலும் ஒண்ணு தூங்கிக்கிட்டு இருந்தா, எடுத்துத் தூசி தட்டுங்க. ஆனா இதையெல்லாம் கவனிங்க:

* வருஷத்துக்கு ஒரு தடவை பேட்டரியை மாத்துங்க. மாத்தினதும் ப்ளக்கை ஒரு நிமிஷம் பிடுங்கி டெஸ்ட் பண்ணுங்க.

* பல செட்டுல ராத்திரியா பகலானு சொல்றது ஓரத்துல இருக்குற ஒரே ஒரு புள்ளிதான். அதைப் பார்க்காம வெச்சா, காலை 6 மணி அலாரம் சாயங்காலம் 6 மணிக்கு அடிக்கும்.

* ரேடியோ அலாரம் வெச்சா, படுக்குறதுக்கு முன்னாடி ஸ்டேஷன், வால்யூம் ரெண்டையும் பாருங்க. முள் கொஞ்சம் நகர்ந்திருந்தா, காலையில 'உஸ்ஸ்ஸ்'தான் பாடும். எக்ஸாம் அன்னிக்கு பஸ்ஸர்தான் பெஸ்ட்.

* பின்னாடி தொங்குற ஒயர்தான் எஃப்.எம். ஆன்டெனா. சுருட்டி வைக்காம நீட்டி விடுங்க. மீடியம் வேவ் இரைஞ்சா, செட்டையே மெதுவா திருப்பிப் பாருங்க. பக்கத்துல செல்போன் சார்ஜர் இருந்தா அதைத் தள்ளி வைங்க.

* ஸ்னூஸ் பட்டன் பல செட்டுல 9 நிமிஷம். அஞ்சு தடவை தட்டினா முக்கால் மணி நேரம் காலி. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

'இத்தனை தொல்லைக்கு செல்போன்லயே அலாரம் வைக்கலாமே'னு கேட்பீங்க. வெச்சுப் பார்த்தேன். அலாரத்தை நிறுத்தப் போன கை, அரை மணி நேரம் மெசேஜ் பார்த்துட்டுத்தான் திரும்பி வருது. இந்த டப்பாவுல பார்க்குறதுக்கு நாலு எழுத்தைத் தவிர ஒண்ணுமே இல்ல. எழுந்துதான் ஆகணும்!

அடுத்த செமஸ்டர்ல அந்த பவர் சிஸ்டம் பேப்பரை எழுதணும். இதுவரைக்கும் அரியரே இல்லாத ஆளு நான். மார்க் ஷீட்டுல அந்த ஒரு வரி இருக்கத்தான் போகுது. அதிர்வெண் கட்டுப்பாடு சாப்டர்லேர்ந்து கேள்வி வந்தா வெளுத்து வாங்கிடுவேன். புது பேட்டரி போட்டாச்சு. ப்ளக்கைப் பிடுங்கி டெஸ்ட்டும் பண்ணியாச்சு.

இருந்தாலும் எக்ஸாம் அன்னிக்கு மட்டும், தோட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு குரல் கொடுக்கச் சொல்லி அப்பாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். பேட்டரிக்கும் ஒரு பேட்டரி வேணும்ல பாஸ்!