நனையாத பை எது?

மழை மேலிருந்து கீழே பெய்கின்றது என்பது குடை பிடித்து நடப்பவருக்கு முழு உண்மை. மோட்டார் சைக்கிளிற் செல்பவருக்கோ அது பாதி உண்மையேயாகும். பெரிய மழைத்துளியொன்று காற்றில்லாத வேளையில் வினாடிக்கு ஏறக்குறைய 9 மீற்றர் வேகத்துடன் விழுகின்றது. மணிக்கு 60 கிலோமீற்றர் ஓடும் வண்டி வினாடிக்கு 16 மீற்றருக்கு மேல் முன்னேறுகின்றது. ஆகவே, துளி விழும் வேகத்திலும் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்துடன் நாமே சென்று அதனை மோதுகின்றோம். இதனோடு, பின்சில்லும் தெருவிலே தேங்கிய நீரையும் சேற்றையும் வாரி அடியிலிருந்து வீசுகின்றது. நாற்புறமும் வரும் இந்நீரைத் தடுக்கும் பையொன்றை வாங்க விரும்புபவர், கடைக்காரர் துணியின்மீது ஒரு குவளை நீரை ஊற்றி, அது உருண்டோடுவதைக் காட்டியதும் மனம் நிறைந்துவிடுதல் கூடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குச் செல்லும் ஏ-9 தெரு ஏறக்குறைய 320 கிலோமீற்றர் நீளமுடையது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் அத்தெருவிற் புறப்படும் இளைஞன் கிளிநொச்சியிலே ஒரு மழையையும், மாத்தளை மலையடியிலே மற்றொரு மழையையும் சந்திப்பது வியப்பன்று. அவன் நேர்முகப் பரீட்சைக்குச் செல்பவனாயின், அவனுடைய பையிலே பிறப்புச் சான்றிதழும் பரீட்சைப் பெறுபேறுகளும் மடிக்கணினியும், தாய் மடித்து வைத்த வெள்ளைச் சட்டையும் இருக்கும். சட்டை நனைந்தால் உலர்த்தலாம். சான்றிதழ் நனைந்து முத்திரை கரைந்துவிட்டால் பிரதி பெறலாம்; ஆனால் மறுநாட் காலை ஒன்பது மணிக்குள் பெற முடியாது. பிள்ளையை வழியனுப்பும் பெற்றோர் வண்டியின் எண்ணெயையும் தலைக்கவசத்தையும் விசாரிப்பதைப் போலவே பையையும் ஒருமுறை கையிலெடுத்துப் பார்ப்பது நன்று.

இரும்புச் சட்டத்திற் பூட்டும் கடினமான பெட்டிகளும் உள. அவை பாரமானவை, நம்மிடையே பெருவழக்கிலுள்ள சிறிய வண்டிகளுக்கு அப்பாரம் ஆகாது. ஆதலின் மென்பையைப் பற்றியே பேசுவோம்.

பை வாங்குபவர்கள் பெரும்பாலும் துணியைத் தடவிப் பார்க்கின்றார்கள். அது தவறன்று, ஆயினும் நீர் துணியினூடாக வருவது அரிது, தையலினூடாகவே வருகின்றது. இஃது இன்று நேற்றுக் கண்டறிந்த செய்தியன்று. 1823 இல் சார்ல்ஸ் மக்கின்டொஷ் என்பார் இரு துணிகளுக்கு இடையே இறப்பர்க் கரைசலைப் பூசி, நீர் புகாத துணிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். துணி நீரைத் தடுத்தது. தையற்காரர் அதனை அங்கியாகத் தைத்தபோதோ, ஊசி சென்ற துளைகள்தோறும் மழைநீர் உட்புகுந்தது. இரு நூற்றாண்டுகள் கழிந்தும் ஊசித்துளையின் குணம் மாறவில்லை.

1981 இல் ஜெர்மனியரான ஹார்ட்முட் ஓர்ட்லீப் இங்கிலாந்திலே சைக்கிளிற் சுற்றியபோது தொடர்மழையில் அகப்பட்டார். தெருவிற் சென்ற லொறிகளின் சரக்கு தறப்பாளின் கீழ் நனையாதிருத்தலைக் கண்ட அவர், ஊர் திரும்பி, லொறித் தறப்பாளையே வெட்டிப் பை செய்தார். அடுத்த ஆண்டு அதுவே அவருடைய தொழிலுமாயிற்று. நம்மூரிலே நெல் காயவிடும்போது மழை கண்டால் ஓடிச்சென்று இழுத்து மூடும் படங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வகைப் பிளாத்திக்குப் பூச்சுத் துணியின் பெருஞ்சிறப்பு, தைக்காமலே ஒட்டலாம் என்பதாகும். வெப்பக் காற்றினாலோ உயர் அதிர்வெண் மின்னலையினாலோ இரு விளிம்புகளையும் உருக்கி ஒன்றாக்கிவிடுகின்றார்கள். அங்கே ஊசியும் இல்லை, துளையும் இல்லை. தைத்துவிட்டு உட்புறத்தில் நாடா ஒட்டிய பைகளும் புதிதாயிருக்கும்போது நன்றாகவே தடுக்கும். வெயிலும் பழமையும் சேர, நாடா உரிந்துவிடும். எனவே கடையிலே பையை உட்புறம் வெளியாகத் திருப்பி, மூலைகளை வெளிச்சத்திற் பாருங்கள். மூலையே எப்பொழுதும் முதலில் ஒழுகும்.

அடுத்தது பையின் வாய். சாதாரண சிப்பு நீரைத் தடுக்காது. அதன்மேல் மடியும் துணிப்பட்டி நடப்பவருக்குப் போதும், வண்டியோட்டிக்குப் போதாது. வாயின் இரு விளிம்புகளையும் சேர்த்து, பாய் சுருட்டுவதுபோல் மூன்று முறையேனும் சுருட்டி, இரு பக்கமும் கொளுவும் பையே நம்பத்தக்கது. இவ்வகைப் பை நனைந்ததென்று குறைகூறுவோர் பலர் அதனைக் கழுத்துவரை அடைத்து, ஒரே சுருளுடன் மூடியவர்களே. உங்களுக்குத் தேவை 30 லீற்றராயின் 40 லீற்றர்ப் பையை வாங்குங்கள். மீதி இடம் சுருளுக்குரியது.

சில பைகளுடன் ஒரு மெல்லிய மழையுறையும் இனாமாகக் கிடைக்கும். எமக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனையிறவு வெளியிலே பக்கக் காற்று அடிக்கும்போது அது பட்டம்போல் ஊதிப் பறக்கும். பறவாது நின்றாலும், இடுக்கால் இறங்கிய நீர் உறையின் அடியிலே குளமாகி, பை அதனுள் அமர்ந்திருக்கும்.

துண்டுச் சீட்டில் அச்சிட்டிருக்கும் எழுத்துக்களும் விளக்கம் வேண்டுவன. ‘டெனியர்’ என்பது 9000 மீற்றர் நூலின் கிராம் நிறை. நூலின் பருமனையும், அதனால் துணி உராய்வைத் தாங்கும் வலுவையும் உணர்த்துமேயன்றி, நீரைப் பற்றி ஒன்றும் கூறாது. ‘ஐ.பி.எக்ஸ். 7’ என்பது ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணி நேரம் அமிழ்த்தினும் கேடு விளைக்கும் அளவு நீர் புகாது என்பதைக் குறிக்கும், ‘எக்ஸ். 4’ எனின் தெறிக்கும் நீரை மட்டும் தாங்கும். இவை மின்சாதனங்களுக்கென வகுத்த அளவைகள் என்பதையும் நினைவிற்கொள்க.

எல்லா எழுத்துக்களினும் மேலான பரிசோதனை வீட்டிலேயே உண்டு. பையினுள் பழைய பத்திரிகைத் தாள்களைக் கசக்கி நிரப்பி, முறைப்படி மூடி, கிணற்றடியிலே குழாயால் பத்து நிமிடம் எல்லாப் பக்கமும் நீர் அடியுங்கள். பின்பு வெளிப்புறத்தைத் துடைத்துத் திறந்தால், நனைந்த தாள் ஒழுகுமிடத்தைக் காட்டிக்கொடுக்கும். நீர் வேண்டாமெனின், காற்றை அடைத்துச் சுருட்டி, மேலே அழுத்திக் காதை வைத்துக் கேளுங்கள்.

இனிக் கூறப்போவது பொருள்களைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. பையைக் கட்டும் வார் பின்சில்லிலோ சங்கிலியிலோ சிக்கினால் சில்லு இறுகி வண்டி சரியும். இரு முனையிலும் கொளுக்கியுள்ள இறப்பர் நாடாவையே நம்மிற் பலர் பயன்படுத்துகின்றனர். அது மேடுபள்ளத்தில் நீண்டு, பையை நகரவிடும். கட்டும்போது கைதவறின் கொளுக்கி கண்ணை நோக்கிப் பாயும். நீளாத, பூட்டுள்ள வார்களே ஏற்றவை. அவற்றின் தொங்கும் முனைகளையும் மடித்துச் செருகிவிடல் வேண்டும். புறப்பட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீற்றரில் நிறுத்தி மீண்டும் இறுக்குங்கள். அதற்குள் சாமான்கள் அமுங்கியிருக்கும். பாரமானவை தாழவும் ஓட்டுபவரை நெருங்கியும் இருக்கட்டும். மிகப் பின்னே தூக்கி வைத்த பாரம் முன்சில்லை இலேசாக்கி, கைபிடியைத் தள்ளாட வைக்கும். பின்விளக்கையும் சமிக்ஞை விளக்குகளையும் பை மறைத்தலாகாது. புகைக்குழாய்க்கும் பைக்கும் இடையே கையகல வெளியேனும் வேண்டும். பள்ளத்தில் வண்டி அமிழும்போதும் அவ்வெளி இருக்கின்றதா என ஒருவரை ஆசனத்தில் இருத்திப் பாருங்கள். தறப்பாள் வகைத் துணி கொதிநீரின் வெப்பத்திலேயே இளகிவிடும். புகைக்குழாயோ அதனினும் பன்மடங்கு சுடும்.

இத்தகைய பைகள் விலை குறைந்தவையல்ல. ஆண்டில் இரு முறை பயணஞ் செய்யும் மாணவன் அவ்வளவு பணத்தை முடக்கவேண்டுமென நாம் கூறமாட்டோம். யூரியா உரப்பையினுள்ளே ஒரு பொலித்தீன் பை இருப்பதைக் கண்டிருப்பீர்கள். வெளியே உராய்வைத் தாங்க ஒன்று, உள்ளே ஈரத்தைத் தடுக்க ஒன்று. அதே உபாயத்தைக் கையாளலாம். உறுதியான சாதாரணப் பையொன்றினுள் தடித்த புதிய பொலித்தீன் பையை இட்டு, பொருள்களை வைத்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, கழுத்தை முறுக்கி, முறுக்கிய கழுத்தை மடக்கிக் கட்டுங்கள். வெளிப்பை நனையும், உள்ளிருப்பது நனையாது. விலையுயர்ந்த பை வைத்திருப்பவரும் சான்றிதழ்களை மட்டும் இவ்வாறு தனியே கட்டி உள்ளே வைப்பது புத்தி.

நீரை உள்ளே விடாத பை, உள்ளிருக்கும் நீரை வெளியேயும் விடாது. நனைந்த துவாயையோ மழைக்கோட்டையோ அதனுள் திணித்தால், மாலைக்குள் எல்லாம் நனைந்திருக்கும்; ஈரத்தை வெளியே தனிப்பையிற் கட்டுங்கள். வீடு சேர்ந்ததும் சேற்றையும் உப்புப் படிவையும் நல்ல நீரினாற் கழுவி, வாயைத் திறந்து, நிழலிலே தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நன்றாக உலர்ந்தபின் மடித்து அடுக்காமல் தளரச் சுருட்டி வையுங்கள். ஒரே மடிப்பிற் பலகாலம் கிடந்தால் பூச்சு அவ்விடத்திலே வெடித்துவிடும்.