முதுகு எக்ஸ்-ரேயில் தெரிவது இதயத்துக்கான எச்சரிக்கையா? 'டிஷ்' பாதிப்பு பற்றி தெரிந்துகொள்ள வேண்டியவை

உருக்காலைகளும் கம்பி ரோலிங் மில்களும் நிறைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில், முதுகுவலி ஒரு செய்தியே அல்ல. "வெயிட் தூக்குற வேலை, வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு, மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த ஷிஃப்ட்டுக்குக் கிளம்புவது வழக்கம்.

ஆனால், ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு முதுகு விறைத்துப்போவதற்கு எப்போதும் வேலை மட்டுமே காரணமாக இருக்காது. சிலருக்கு எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால் வேறொன்று தெரியவரும். அது இதயத்தையும் கவனிக்கச் சொல்கிறது.

'டிஷ்' என்றால் என்ன?

டிஃப்யூஸ் இடியோபதிக் ஸ்கெலிடல் ஹைப்பராஸ்டோசிஸ் என்ற நீளமான பெயரின் சுருக்கம்தான் 'டிஷ்'. முதுகெலும்பின் முன்பக்கத் தசைநார் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக மாறிவிடும். உருகிய மெழுகு வழிந்து உறைந்ததுபோல எலும்புகளுக்கு இடையே பாலம் உருவாகும். அடுத்தடுத்த 4 முள்ளெலும்புகளாவது இப்படி இணைந்திருந்தால் அது 'டிஷ்' என மருத்துவர்கள் கணிக்கிறார்கள்.

இது 50 வயதைக் கடந்த ஆண்களுக்கே அதிகம். பலருக்கு வலியே இருக்காது. நெஞ்சு எக்ஸ்-ரே எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும். கழுத்தில் வந்தால் விழுங்கச் சிரமம் ஏற்படலாம். சாதாரணமாகக் கீழே விழுந்தாலும் முதுகெலும்பு முறியும் ஆபத்து உண்டு.

இதயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இந்த எலும்புப் பாலம் நடு முதுகில் பெரும்பாலும் வலப்பக்கமே வளரும். இடப்பக்கம் மகாதமனி துடித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம் எனக் கருதப்படுகிறது. ஆனால், நாம் பயப்பட வேண்டிய தொடர்பு இது அல்ல.

உடல் பருமன், டைப் 2 சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் ஆகியவை 'டிஷ்' உள்ளவர்களிடம் அதிகம். வயிற்றுக் கொழுப்பு கூடும்போது உடலில் இன்சுலினும் கூடும். அது எலும்பு உருவாக்கும் செல்களைத் தூண்டுகிறது என்பது ஒரு விளக்கம். ரத்தக் குழாயைக் கெடுப்பதும் இதே சர்க்கரை, கொழுப்புக் கோளாறுகள்தான்.

இஸ்ரேலில் 'டிஷ்' உள்ளவர்களை 10 ஆண்டுகள் கவனித்ததில், வழக்கமான கணக்கீடு சொன்னதைவிட மாரடைப்பு அதிகமாக இருந்தது. நெதர்லாந்தில் ஏற்கெனவே இதய அபாயம் உள்ள நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் பக்கவாத அபாயம் கூடியிருந்தது. மாரடைப்பில் அப்படித் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அதாவது, 'டிஷ்' மாரடைப்பை உண்டாக்குகிறது என்று சொல்ல முடியாது. 'உள்ளே சர்க்கரை, பிரஷர் இருக்கிறதா எனப் பாருங்கள்' என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம்.

வலி மாத்திரைதான் சிக்கல்

சிப்காட் தொழிலாளர்களுக்கு முக்கியமான விஷயம் இதுதான். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் ரத்த அழுத்தம் ஏறலாம்; மாரடைப்பு, பக்கவாத அபாயமும் கூடும். இதய நோய் உள்ளவர்களுக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்கக் கூடாது என 2013-லேயே ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு அமைப்பு அறிவுறுத்தியது. ஏற்கெனவே அபாயத்தில் இருப்பவர், அந்த அபாயத்தைக் கூட்டும் மாத்திரையையே தினமும் போடுகிறார் என்றால் எப்படி இருக்கும்? அவருக்கு பிரஷர் இருப்பதே தெரியாமலும் இருக்கலாம்.

என்ன செய்யலாம்?

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4% பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. எனவே எக்ஸ்-ரே ரிப்போர்ட்டில் 'டிஷ்' என்றோ எலும்புப் பாலம் என்றோ எழுதியிருந்தால், சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம், இஎஸ்ஐ மருந்தகம், 2022-ல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என வாய்ப்புகள் இருக்கின்றன. வலி மாத்திரை எவ்வளவு நாளாகப் போடுகிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உருவான எலும்பைக் கரைக்க மருந்து இல்லை. ஆனால் எடையைக் குறைப்பது, நடைப்பயிற்சி, புகையை விடுவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது ஆகியவை இதயத்தைக் காக்கும். விறைப்புக்கு பிசியோதெரபி உதவும்.

இளைஞர்களுக்கு?

45 வயதுக்குள் காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, நடந்தால் குறைகிறது என்றால் அது 'டிஷ்' ஆக இருக்க வாய்ப்பு குறைவு. ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற அழற்சி நோயாக இருக்கலாம். இதிலும் இதய அபாயம் உண்டு. மூட்டு நோய் நிபுணரைப் பாருங்கள்.

நெஞ்சு வலி, வியர்வை, இடது கை வலி, திடீர் முகக் கோணல், பேச்சுக் குழறல் இருந்தால் ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். அப்பாவோ, பக்கத்து மெஷின் அண்ணனோ "முதுகு பிடிச்சிருக்கு" என்று அடுத்த முறை சொன்னால், மாத்திரை வாங்கிக் கொடுப்பதற்கு முன் "பிரஷர் எப்போ பாத்தீங்க?" என்று கேளுங்கள்.