கனத்தைக் கூட்டினால் பாரம் குறையுமா?



வி.ஆர். ஹெட்செட் மாட்டி விளையாடும் பிள்ளைகள் சிலர், அதன் பின்பட்டையில் ஒரு பவர் பேங்கைக் கட்டிக்கொள்கிறார்கள். "இருக்கிற கனம் போதாதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் சத்தம் போடுகிறார்கள். பல வருடம் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு பேர் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது.

நம் தலையே ஏறக்குறைய 5 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் கழுத்து மூட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்தபடி தூங்கினால் தலை முன்னால் தொங்குவது அதனால்தான். விழித்திருக்கும் நேரமெல்லாம் பின்கழுத்துத் தசைகள் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தலையில் முகத்துக்கு முன்னால் இன்னும் அரைக் கிலோவைத் தொங்கவிட்டால்? மெட்டா குவெஸ்ட் 3-இன் எடை 515 கிராம், பெரும்பகுதி முன்பக்கம்தான்.

பள்ளிக்கூடக் கணக்குதான். திருப்புத்திறன் என்பது எடை பெருக்கல் தூரம். 500 கிராம், கழுத்து மூட்டிலிருந்து 12 செ.மீ. முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 6000. பின்னால் 10 செ.மீ. தள்ளி 200 கிராம் கட்டினால் 2000 கழியும். மீதி 4000. முன்னிழுப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. பிள்ளைகள் சொல்வது சரி.

ஆனால் மொத்த எடை 700 கிராம் ஆகிவிட்டதே! கழுத்தெலும்பு அதைச் சுமக்க வேண்டும். விளையாட்டில் சட்டென்று தலையைத் திருப்பும்போது நிலைமமும் கூடுகிறது. திருப்பவும் நிறுத்தவும் கழுத்துக்குக் கூடுதல் வேலை. பெரியவர்கள் சொல்வதும் சரி.

இப்போது இன்னொரு கணக்கு. எதையும் புதிதாகக் கட்ட வேண்டாம். முன்னால் இருக்கும் 500 கிராமில் 100 கிராம் பேட்டரி என்று கொள்வோம். அதை மட்டும் பின்னால் மாற்றுங்கள். முன்னால் 4800, பின்னால் 1000. மீதி 3800! கூடுதலாக 200 கிராம் கட்டியதைவிட நல்ல பலன். மொத்த எடையோ அதே 500.

நிறுவனங்களுக்கு இது தெரியாததல்ல. 2022-இல் வந்த குவெஸ்ட் புரோவில் பேட்டரி பின்னால்தான் இருந்தது. ஆனால் மொத்தம் 722 கிராம். ஆப்பிள் விஷன் புரோவில் பேட்டரியைத் தனியாகச் சட்டைப்பைக்கு இறக்கினார்கள். அப்படியும் முன்பாரம் தீரவில்லை. 2025-இல் பின்பட்டைக்குள் டங்ஸ்டன் துண்டுகளை எதிர் எடையாக வைத்தார்கள். அந்த மாடல் 750 முதல் 800 கிராம் வரை. தராசில் படிக்கல் வைப்பது போன்ற வேலை இது. வேறொன்றுக்கும் உதவாத எடையைத் தலையில் ஏற்றுவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும்.

அட்டைப்பெட்டியில் எடை எத்தனை கிராம் என்று மட்டும் போட்டால் போதாது. அதில் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்றும் போட வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, வாங்கும்போது "பேட்டரி எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் எதிர் எடை கட்டுவதானால், சார்ஜும் தரக்கூடிய சின்ன பவர் பேங்காகக் கட்டுங்கள். வெறும் இரும்பு வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டாம். ஹெட்செட் பெரியவர்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான், கழுத்து ஒன்றல்ல. பிள்ளை கையால் ஹெட்செட்டைத் தாங்கிப் பிடிக்க ஆரம்பித்தால் கழுத்து களைத்துவிட்டது என்று அர்த்தம். உடனே கழற்றச் சொல்லுங்கள்.